பவுத்திரத்துக்கு ஒரு நூல்: புண்ணையும் வலியையும் ஆயுர்வேத அறுவை மருத்துவம் அணுகும் விதம்

ஆசனவாயிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒரு பருவைப் போலக் கிளம்பும். நான்கைந்து நாள் உட்கார முடியாமல் வலிக்கும். பிறகு உடைந்து சீழ் வெளியேறியதும் வலி முழுவதும் போய்விடும். நோயாளி குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார். ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்து அதே இடம் மறுபடியும் வீங்கி உடையும். வெட்கத்தின் காரணமாக யாரிடமும் சொல்லாமல், உள்ளாடையில் படியும் கறையை வீட்டாரிடமிருந்தும் மறைத்துக்கொண்டு, இப்படியே ஐந்தாறு ஆண்டுகளைக் கடத்தியவர்கள் சிகிச்சைக்கு வருவது மிகச் சாதாரணமான ஒன்று. இந்த நோய்க்குத் தமிழில் பவுத்திரம் என்று பெயர். வடமொழி மருத்துவ நூல்கள் இதைப் பகந்தரம் என்கின்றன. நவீன மருத்துவம் ஃபிஸ்துலா என்கிறது. ஆயுர்வேதத்தின் பண்டைய அறுவை மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை, குணப்படுத்துவதற்கு அரிதான எட்டுப் பெருநோய்களைப் பட்டியலிடும்போது மூலத்தையும் பவுத்திரத்தையும் அவற்றில் இரண்டாகச் சேர்த்திருக்கிறது.

ஆயுர்வேதம் என்றதும் கஷாயமும் எண்ணெய்க் குளியலும் மட்டுமே நினைவுக்கு வரும் பலருக்கு, அதற்குள் சல்லியம் என்ற முழுமையான அறுவை மருத்துவப் பிரிவு ஒன்று இருப்பது வியப்பாக இருக்கும். ஆசனவாய் நோய்கள், ஆறாத புண்கள், நாள்பட்ட வலி ஆகிய மூன்றும் ஒரே மருத்துவரின் அறைக்கு வருவது அந்தப் பிரிவில்தான். இந்த மூன்றையும் இணைத்துப் புரிந்துகொள்ளப் பவுத்திரத்தைவிட நல்ல வாயில் இல்லை என்பது என் எண்ணம். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பவுத்திரம் ஏன் தானாக மூடுவதில்லை என்பதே முதல் கேள்வி. உடம்பில் வேறெங்காவது ஒரு கட்டி வந்து உடைந்தால், சீழ் வடிந்த பின் அந்தக் குழி அடியிலிருந்து சதை வளர்ந்து மூடிவிடும். ஆசனவாயில் அப்படி நடப்பதில்லை. ஆசனவாய்க் குழாயின் உட்புறத்தில், மலக்குடலின் மெல்லிய சவ்வும் வெளித்தோலின் தொடர்ச்சியும் சந்திக்கும் கோடு ஒன்று உண்டு. அந்தக் கோட்டில் மிகச் சிறிய சுரப்பிகள் திறக்கின்றன. அவற்றில் ஒன்று அடைபட்டுக் கிருமி புகுந்தால், அந்தச் சீழ் தசைகளின் இடையே வழி தேடிக்கொண்டு தோல் வரைக்கும் வந்து உடைகிறது. வெளியில் நாம் பார்க்கும் துளை அந்தச் சுரங்கத்தின் பின்வாசல் மட்டுமே. முன்வாசல் உள்ளே இருக்கிறது. மலம் கழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உள்வாய் வழியாகக் கிருமிகள் புதிதாக நுழைந்துகொண்டே இருப்பதால், வெளியே எத்தனை களிம்பு பூசினாலும், எத்தனை முறை ஆண்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டாலும், சுரங்கம் தற்காலிகமாக அடங்குமே தவிர மூடுவதில்லை.

இதே வரிசையைச் சுசுருதர் வேறு சொற்களில் எழுதி வைத்திருக்கிறார். பழுக்காத நிலையில் அது பிடகம், அதாவது கட்டி; பழுத்து உடைந்த பிறகு அதுவே பகந்தரம் என்பது அவர் தரும் இலக்கணம். கட்டிக்கும் துளைக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஒரே நோயின் இரண்டு பருவங்களாகப் பார்த்திருப்பது கூர்மையான மருத்துவப் பார்வை. சல்லடையைப் போலப் பல துளைகளுடன் வருவது, ஒட்டகத்தின் கழுத்தைப் போல வளைந்து உயர்வது, சங்கின் புரியைப் போலச் சுற்றிச் செல்வது என்றெல்லாம் அவர் பிரித்துச் சொல்லும் வகைகள் வெறும் உவமைகளாகத் தோன்றலாம். ஆனால் பாதை எங்கே வளைகிறது, எத்தனை கிளை விடுகிறது என்பதுதான் இன்றும் எம்.ஆர்.ஐ. படத்தில் நாம் முதலில் தேடும் செய்தி.

உள்வாயையும் சுரங்கத்தையும் சேர்த்துக் கத்தியால் திறந்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். மேலோட்டமாகச் செல்லும் பவுத்திரத்துக்கு அது போதும். நவீன அறுவை மருத்துவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், நன்றாகவும் ஆறுகிறது. சிக்கல் எங்கே என்றால், ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் இருக்கின்றன. மலத்தையும் வாயுவையும் நம் விருப்பப்படி அடக்கிவைக்கும் வேலையை அவைதாம் செய்கின்றன. சுரங்கம் அந்தத் தசைகளின் பெரும்பகுதியை ஊடுருவிச் சென்றிருந்தால், அதை ஒரே வெட்டில் திறப்பது, இழுத்துக் கட்டிய ரப்பர் வளையத்தை அறுப்பதற்குச் சமம். அறுபட்ட இரண்டு முனைகளும் விலகிப் போய்விடும். நடுவில் தழும்பு வளரும். அந்த மனிதருக்குப் பவுத்திரம் குணமாகி மலத்தை அடக்க முடியாத நிலை வந்துசேரும். இருப்பதைவிடக் கொடிய துன்பம் அது.

ஆகவே தசையை அறுத்தாக வேண்டும், ஆனால் அறுபடும் முனைகள் விலகவும் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள் ஒரே நேரத்தில் எழுகின்றன. பண்டைய மருத்துவங்கள் இதற்குக் கண்ட விடை நூலிழை. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் நூல்களில், குதிரைமயிரைச் சேர்த்து முறுக்கிய நூலைப் பவுத்திரத்துக்குள் செலுத்தி, நாளடைவில் இறுக்கிக்கொண்டே வரும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. இந்திய மரபு அந்த நூலில் மருந்தை ஏற்றியது. ஒல்லியானவர், பலவீனமானவர், அறுவைக்கு அஞ்சுபவர் ஆகியோருக்கும், மர்மம் எனப்படும் உயிர்நிலை இடத்தில் அமைந்த துளைகளுக்கும், அறிவுள்ள மருத்துவன் கத்தியை விட்டுவிட்டுக் காரநூலால் அறுக்க வேண்டும் என்பது சுசுருதர் வாக்கு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சக்ரதத்தர், கள்ளிப்பாலும் மஞ்சள்தூளும் தோய்த்த நூலைப் பற்றி எழுதுகிறார். வடமொழியில் க்ஷாரசூத்திரம் எனப்படும் இதையே தமிழ்நாட்டுச் சித்த மருத்துவர்கள் காரநூல் என்கிறார்கள். நானும் அந்தச் சொல்லையே இங்கு பயன்படுத்துகிறேன்.

காரம் என்பது இங்கே மிளகாயின் காரம் அல்ல. தாவரத்தை எரித்த சாம்பலிலிருந்து எடுக்கும் உப்பு அது. வேதியியலில் அமிலத்துக்கு எதிரான பொருள். நாயுருவிச் செடியை வேரோடு பிடுங்கிக் காயவைத்து எரித்து, அந்தச் சாம்பலை ஆறு பங்கு நீரில் கரைத்து, துணியில் திரும்பத் திரும்ப வடிகட்டி, தெளிந்த நீரை அடுப்பில் வற்றவிட்டால் அடியில் வெண்மையான உப்பு தங்கும். அறுக்கவும் பிளக்கவும் சுரண்டவும் வல்லது என்பதால், கருவிகள் அனைத்திலும் காரமே முதன்மையானது என்று சுசுருதர் அதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். செத்த சதையையும் சீழ்ப்பாதையின் தடித்த உட்சுவரையும் அது கரைத்துவிடும்.

மறைந்து கிடந்த இந்த முறையை 1960களில் மீட்டெடுத்தவர்கள் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் சல்லியப் பிரிவினர். பி.ஜே. தேஷ்பாண்டேயும் அவருடைய உடனுழைப்பாளர்களும் பழைய நூல்களின் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, எந்த நூல், எத்தனை பூச்சு, எந்த வரிசை என்பதைச் சோதித்து நிலைப்படுத்தினார்கள். இன்று இந்தியா முழுவதும் பின்பற்றப்படும் அளவு அவர்கள் வகுத்ததுதான்: 20ஆம் எண் லினன் நூலில் முதலில் இலைக்கள்ளிப் பால் மட்டும் 11 பூச்சு, பிறகு கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும் 7 பூச்சு, கடைசியாகக் கள்ளிப்பாலும் மஞ்சள்தூளும் 3 பூச்சு, ஆக மொத்தம் 21.

இந்த நூல் உருவாவதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர்கள் அதன் மீதுள்ள மரியாதையை இழக்க மாட்டார்கள். கள்ளியின் தண்டை விடியற்காலையில் கீறிப் பாலைச் சேகரிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் குறையும். எடுத்து வைத்த பாலும் சீக்கிரம் திரிந்து கட்டியாகிவிடும். சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய நூலின் மீது, பாலில் நனைத்த பஞ்சுத்துணியை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, ஒரே சீராக இழுத்துப் பூச வேண்டும். ஒரு சொட்டுப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பூசுபவர் கண்ணாடி அணிந்திருப்பார். பூசிய சட்டத்தை மூடிய அலமாரிக்குள் வைத்து வெதுவெதுப்பான காற்றில் உலர்த்தி, மறுநாள் அடுத்த பூச்சு. காரப் பூச்சு தொடங்கும்போது ஈரநூலைக் காரப்பொடிக்குள் இழுத்தெடுப்பார்கள். நூல் சாம்பல் நிறமாகிச் சொரசொரக்கும். கடைசி மூன்று நாட்களில் மஞ்சள் ஏறியதும் அது பொன்னிறமாகிவிடும். பின் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துக் கிருமி நீக்கி, ஏறக்குறைய ஒரு முழத்துக்கும் குறைவான துண்டுகளாக வெட்டிக் குழாய்களில் அடைப்பார்கள். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு காரம் கசிய ஆரம்பிக்கும் என்பதால், அடைக்கும் குழாயில் ஈரம் புகாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியமான வேலை.

சிகிச்சை நாளில், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தோ, பாதை ஆழமானதாக இருந்தால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தோ, வளைந்து கொடுக்கும் மெல்லிய கம்பியை வெளித்துளை வழியே மெதுவாகச் செலுத்துகிறோம். இடது கை ஆட்காட்டி விரல் ஆசனவாய்க்குள் இருக்கும். கம்பியின் நுனி உள்வாயில் எட்டிப் பார்ப்பதை விரல்தான் முதலில் உணரும். இந்தச் சில நிமிடங்களில் காட்டும் பொறுமைதான் சிகிச்சையின் பாதி. பாதை புலப்படவில்லை என்று கம்பியைப் பலத்தோடு தள்ளினால், இல்லாத இடத்தில் பொய்ப்பாதை உண்டாகி, ஒரு நோய் இரண்டாகிவிடும். உள்வாய் வழியாகக் கம்பி வெளிவந்ததும் அதன் காதில் நூலைக் கோத்துப் பின்னோக்கி இழுத்து, இரண்டு முனைகளையும் ஆசனவாய்க்கு வெளியே தளர்வாகவும் இல்லாமல் மிக இறுக்கமாகவும் இல்லாமல் முடிச்சிடுகிறோம். பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அதற்குப் பின் வாரம் ஒருமுறை நூல் மாற்றம். பழைய நூலின் முடிச்சுக்கு அருகே புதிய நூலைக் கட்டி, முடிச்சுக்கு மறுபுறம் பழைய நூலை வெட்டி, அதைப் பிடித்து இழுத்தால், ரயில் எஞ்சினுக்குப் பின்னால் பெட்டி வருவது போலப் புதிய நூல் பாதைக்குள் வந்து உட்காரும். சில நொடி எரியும். அந்த நேரத்தில் சிலருக்குக் கண் கலங்கும். வெளியே எடுத்த பழைய நூலை நாங்கள் உடனே எறிவதில்லை. முடிச்சை அவிழ்த்து அளவுகோலில் வைத்து, உள்ளே இருந்த பகுதியின் நீளத்தைக் குறித்துக்கொள்கிறோம். போன வாரம் 6 சென்டிமீட்டர், இந்த வாரம் 5.2 என்றால், அந்த 0.8 சென்டிமீட்டர் பாதை அறுபட்டு, அதன் பின்னாலேயே ஆறிக்கொண்டும் வந்திருக்கிறது என்று பொருள். ஒரு சென்டிமீட்டர் அறுபட எத்தனை நாள் ஆகிறது என்ற கணக்கை வைத்து மொத்தக் காலத்தை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். பொதுவாக ஒரு வாரத்துக்கு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை அறுபடும். 6 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதைக்கு ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம் என்பது இதிலிருந்து தெரியும்.

நூல் செய்யும் வேலையை இப்போது விளக்குவது எளிது. முடிச்சின் இறுக்கம் தசையை மெதுவாக அழுத்தி அறுக்கிறது. காரமும் கள்ளிப்பாலும் பாதையின் கெட்ட உட்சுவரைக் கரைக்கின்றன. மஞ்சள் வீக்கத்தையும் கிருமியையும் தணிக்கிறது. நூல் உள்ளே கிடப்பதால் பாதையின் வாய் மூடிக்கொள்ளாமல் சீழ் வடிந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது வேகம். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் அறுபடுவதால், அறுபட்ட இடத்தில் நார்த்திசு வளர்ந்து இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது; ரப்பர் வளையம் ஒரேயடியாகத் தெறிப்பதில்லை. வெட்டுவதும் ஆற்றுவதும் இரண்டு தனி வேலைகளாகப் பிரியாமல், நூலின் முன்பக்கத்தில் வெட்டும் பின்பக்கத்தில் ஆறுதலும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இது வெறும் மரபுப் பெருமை அல்ல என்பதற்கு ஆதாரம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல பெரிய மருத்துவமனைகளில், சுமார் 500 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் காரநூலும் மற்றப் பிரிவினருக்கு வழக்கமான அறுவையும் செய்து ஒப்பிட்டது. 1991இல் வெளிவந்த அதன் முடிவு இரண்டு பக்கமும் நேர்மையானது. அறுவை செய்தவர்களுக்கு நான்கு வாரத்தில் ஆறியது. காரநூல் கட்டியவர்களுக்கு எட்டு வாரம் ஆனது. ஆனால் ஓராண்டுக்குள் நோய் திரும்பி வந்தது அறுவைப் பிரிவில் 11 விழுக்காடு, காரநூல் பிரிவில் 4 விழுக்காடு. இந்த எண்களை நோயாளியிடம் அப்படியே சொல்லிவிடுவதே சரி. வாரந்தோறும் வந்து நூல் மாற்ற முடியாத நிலையில் இருப்பவருக்கும், நான்கு வாரத்தில் ஆற வேண்டிய கட்டாயம் உள்ளவருக்கும் வேறு வழி பொருத்தமாக இருக்கலாம்.

காரநூலுக்கு எல்லைகளும் உண்டு. குடலில் க்ரோன் நோய் எனப்படும் நாள்பட்ட அழற்சி இருப்பவருக்கு வரும் பவுத்திரத்தை நூலால் அறுத்துக்கொண்டே போனால் புண் பெருகும். காசநோயால் வரும் பவுத்திரத்துக்குக் காசநோய் மருந்தே முதல் சிகிச்சை. ஆகவே பாதையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதைத் தவிர்க்கக் கூடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் நூல் கட்டுவதும் வீண் வேலை. சீழ் கட்டி வீங்கிக் காய்ச்சலோடு வருபவருக்கு நூல் அல்ல, அன்றைக்கே கட்டியைத் திறந்து சீழை வெளியேற்றுவதுதான் தேவை. கட்டி பழுத்திருக்கிறதா இல்லையா என்று அறியாமல், பழுக்காததை அறுப்பவனையும் பழுத்ததை விட்டுவைப்பவனையும் சுசுருதர் ஒரே தட்டில் வைத்துக் கடிந்திருக்கிறார். அந்தக் கடிதலுக்கு இன்றும் தேவை இருக்கிறது.

பவுத்திரத்தைப் புரிந்துகொண்டவருக்கு ஆயுர்வேதம் பொதுவாகப் புண்ணை எப்படிப் பார்க்கிறது என்பதும் பாதி புரிந்துவிட்டது. விரணம் எனப்படும் புண்ணுக்குச் சுசுருதர் 60 சிகிச்சை முறைகளையும் 14 வகைக் கட்டுகளையும் சொல்கிறார். அந்த விரிவுக்கு அடியில் ஓடும் வரிசை எளியது: முதலில் சோதனம், பிறகு ரோபணம். சோதனம் என்றால் அழுக்கையும் செத்த சதையையும் நீக்கித் தூய்மையாக்குவது. ரோபணம் என்றால் சதையை வளரவைத்து மூடுவது. இந்த வரிசையை மாற்றினால், அதாவது அழுகல் உள்ளே இருக்கும்போதே மேலே மூடும் மருந்தைப் பூசினால், புண் மேலே மூடி உள்ளே பொந்தாகும். கெட்ட புண், தூய புண், ஆறும் புண், ஆறிய புண் என்று அவர் பிரிக்கும் நான்கு நிலைகளில், தூய புண்ணுக்கு அவர் சொல்லும் அடையாளம் மறக்க முடியாதது: நாக்கின் அடிப்பக்கத்தைப் போன்ற நிறம், மென்மை, வழவழப்பு, வலியின்மை, கசிவின்மை. கண்ணாடி முன் நின்று நாக்கை மடித்துப் பாருங்கள். அந்த ஈரமான இளஞ்சிவப்புதான் கட்டுப் பிரிக்கும்போது எந்த மருத்துவரும், எந்த செவிலியரும் பார்க்க விரும்பும் நிறம்.

சோதன நிலையில் திரிபலைக் கஷாயத்தாலோ, ஆல், அரசு, அத்தி, இத்தி, பூவரசு ஆகிய ஐந்து மரப்பட்டைகளின் கஷாயத்தாலோ புண்ணைக் கழுவுகிறோம். இந்தப் பட்டைகள் எல்லாமே துவர்ப்புச் சத்து நிறைந்தவை. கசிவைக் குறைத்துச் சதையை இறுக்கும். அடுத்த நிலையில் ஜாத்யாதி தைலத்தில் தோய்த்த துணியை வைத்துக் கட்டு. அதில் வேம்பு, புங்கு, அதிமதுரம், மஞ்சள் முதலியவற்றோடு மயில்துத்தம் என்ற நச்சுள்ள செம்பு உப்பும் சேர்கிறது. ஆகவே அது வெளிப்பூச்சுக்கு மட்டுமே உரியது, உள்ளே சாப்பிடக் கூடாது. சதை நிறம் திரும்பிய புண்ணுக்குத் தேனும் நெய்யும். காலில் நாளங்கள் புடைத்து, கணுக்காலுக்கு மேல் கறுத்துப் போன தோலில் வரும் புண்களுக்கு, அந்தக் கறுப்பின் ஓரத்தில் அட்டை விடுவதும் உண்டு. நஞ்சுள்ள அட்டை ஆறு, நஞ்சில்லாதது ஆறு என்று பிரித்து நூல்கள் இதை விரிவாகப் பேசுகின்றன. ஒருவருக்குப் பயன்படுத்திய அட்டையை மற்றவருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இன்றைய கட்டாய விதி.

தோல் நோய் முற்றியவர், நஞ்சு பாய்ந்தவர், உடல் இளைத்தவர், மதுமேகம் உள்ளவர் ஆகியோரின் புண்கள் அரிதாகவே ஆறும் என்று சுசுருத சம்ஹிதை எச்சரிக்கிறது. மதுமேகம் என்பதுதான் நாம் சொல்லும் சர்க்கரை நோய். சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்கு எத்தனை நல்ல தைலம் வைத்தாலும், காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா, எலும்பு வரை கிருமி போயிருக்கிறதா என்று முதலில் பார்க்காமல் கட்டு மாத்திரம் மாற்றிக்கொண்டிருப்பது காலை இழக்கும் வழி. கட்டைவிரல் கறுத்துக் குளிர்ந்து போயிருந்தால் அது ரத்தநாள அறுவை மருத்துவர் அன்றைக்கே பார்க்க வேண்டிய கால்.

மூலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சுசுருதர் நான்கு வழிகளைச் சொல்கிறார்: புதிதாக வந்ததற்கு மருந்து, மென்மையாக ஆழத்தில் பரந்திருப்பதற்குக் காரம், கடினமாகத் தடித்திருப்பதற்குச் சூடு, மெலிந்த அடியோடு தொங்குவதற்குக் கத்தி. காரம் பூசும்போது நூறு எண்ணும் நேரம் வரை காத்திருந்து, மூலமுளை பழுத்த நாவற்பழத்தின் நிறத்துக்கு வந்ததும் புளிப்பு நீரால் கழுவ வேண்டும் என்பது விதி. நாங்கள் இன்று எலுமிச்சைச் சாற்றால் கழுவுகிறோம். அமிலம் காரத்தை முறித்துவிடும் என்று பள்ளியில் படித்த வேதியியல்தான் இதற்குள் இருக்கிறது. உணவில், மூலத்துக்கு மோரை மிக உயர்வாகச் சொல்பவர், ஆயுர்வேதத்தின் மற்றொரு மூலநூலான சரக சம்ஹிதையைத் தந்த சரகர். கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் நம் வீடுகளில் ஏற்கெனவே இதற்காகச் சமைக்கப்படுபவை. ஆசனவெடிப்பில், அதாவது மலம் போகும்போது கத்தியால் கீறுவது போல வலித்துப் பின்னும் இரண்டு மணி நேரம் கடுக்கும் நோயில், வலியால் தசை இறுகுகிறது. தசை இறுகுவதால் ரத்த ஓட்டம் குறைந்து வெடிப்பு ஆறுவதில்லை. வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம் உட்காருவதும், இளஞ்சூடான எண்ணெயைச் சிறிதளவு உள்ளே செலுத்துவதும், நார்ச்சத்தால் மலத்தை இளக்குவதும் அந்தச் சுழலை உடைக்கின்றன. புதிய வெடிப்புகளில் பெரும்பாலானவை இவ்வளவிலேயே ஆறிவிடும்.

இப்போது வலி. வாதமில்லாமல் வலியில்லை, பித்தமில்லாமல் பழுத்தலில்லை, கபமில்லாமல் சீழில்லை என்று கட்டியைப் பற்றிப் பேசும் இடத்தில் சுசுருதர் சொல்கிறார். ஆசனவாய் நோய், புண், வலி ஆகிய மூன்றும் ஏன் ஒரே மருத்துவப் பிரிவில் சேர்ந்தன என்பதற்கு அந்த ஒரு வாக்கியமே விடை. புண்ணில் மூன்றும் கலந்திருக்கின்றன. புண் ஆறிய பின்னும், புண்ணே இல்லாத இடத்திலும், வாதம் மட்டும் தனித்து நின்று வலிக்கலாம். குதிகால் வலி, டென்னிஸ் எல்போ எனப்படும் முழங்கை வலி, இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலி ஆகியவை அந்த வகை.

குதிகால் வலிக்கும் முழங்கை வலிக்கும் அக்கினிகர்மம் செய்கிறோம். செம்பு, இரும்பு, துத்தநாகம், வெள்ளி, தகரம் ஆகியவை கலந்த கூர்முனைக் கோலைச் செந்நிறமாகச் சுடவைத்து, மிக அதிகமாக வலிக்கும் புள்ளிகளை விரலால் அழுத்திக் கண்டுபிடித்து மையால் குறித்து, ஒவ்வொன்றிலும் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் தொட்டு எடுத்து, உடனே சோற்றுக்கற்றாழைச் சாறு தடவுகிறோம். கோதுமை மணியளவு கறுப்புப் புள்ளிகள் தெரியும். சில நாளில் உதிர்ந்துவிடும். ஊர்ப்புறங்களில் குழந்தைக்கு மஞ்சள் காமாலைக்கும் வயிற்றுப்போக்குக்கும் சூடு போடும் கொடிய பழக்கத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. அந்தப் பழக்கத்துக்கு எந்த மருத்துவ நூலிலும் இடமில்லை. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கு அக்கினிகர்மமும் கூடாது. இடுப்பு வலிக்கு, உளுந்துமாவை அணை போல முதுகில் கட்டி அதற்குள் இளஞ்சூடான தைலத்தை நிறுத்தும் கடிவஸ்தியும், குடல்வழி மருந்து செலுத்தும் வஸ்தியும் இருக்கின்றன. வஸ்தியைச் சிகிச்சையில் பாதி என்றே சரகர் மதிக்கிறார். தைலத்தின் சூடு தசையைத் தளர்த்துவதையும் நோயாளி அப்போதே உறங்கிவிடுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, அதற்கு எண்ணெய் மேசை இடமல்ல. சில மணி நேரத்துக்குள் நரம்பு அறுவை மருத்துவரிடம் போக வேண்டும்.

இவற்றையெல்லாம் யார் செய்யலாம் என்பதில் தளர்வு கூடாது. ஐந்தரை ஆண்டு ஆயுர்வேதப் பட்டப் படிப்புக்கு மேல் மூன்றாண்டு சல்லிய மேற்படிப்பு முடித்தவரே இந்த வேலைக்கு உரியவர். 2020 நவம்பரில், இத்தகைய மேற்படிப்பு மாணவர்களும், கண், காது, மூக்கு, தொண்டை ஆகியவற்றுக்கான சாலாக்கிய மேற்படிப்பு மாணவர்களும் பயில வேண்டிய 58 அறுவை முறைகளை இந்திய மருத்துவ மத்தியக் குழுவின் அறிவிக்கை பட்டியலிட்டபோது, நவீன மருத்துவர்களின் சங்கம் கடுமையாக எதிர்த்தது. பயிற்சியின் தரத்தைப் பற்றிய அவர்களுடைய கேள்வியை நான் நியாயமானதாகவே கருதுகிறேன். அதற்கான பதிலை நூல் மாற்றும் மேசையிலும் நோயாளியின் தொடர் பதிவேட்டிலும்தான் காட்ட முடியும். பேருந்து நிலையச் சுவர்களில் மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லை, ஒரே ஊசி என்று எழுதியிருக்கும் இடங்களைப் பற்றித் தயக்கமில்லாமல் சொல்லலாம்: போகாதீர்கள். என்னிடம் வந்த ஒருவருக்கு அப்படி ஓர் இடத்தில் போட்ட ஊசியால் ஆசனவாயின் ஒரு பக்கச் சதை முழுவதும் அழுகிப் போயிருந்தது. அந்தப் புண் ஆற ஐந்து மாதம் ஆனது, வாய் சுருங்கிப் போனதைச் சரிசெய்ய மேலும் ஓர் அறுவை தேவைப்பட்டது. அவர் முதலில் வந்திருந்தது வெறும் இரண்டாம் நிலை உள்மூலத்தோடு.

இன்னும் ஒன்று. மலத்தோடு ரத்தம் போனால் அது மூலமாகத்தான் இருக்கும் என்று நோயாளியும் நினைக்கிறார், சில வேளை மருத்துவரும் நினைத்துவிடுகிறார். மலக்குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதே ரத்தம்தான். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கும், எடை குறைந்துகொண்டே வருபவருக்கும், மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறியவருக்கும், குடும்பத்தில் குடல் புற்றுநோய் வந்தவருக்கும் உள்நோக்கிக் குழாய்ப் பரிசோதனை செய்யாமல் மூலத்துக்கு மருந்து தொடங்கக் கூடாது. எந்த முறை மருத்துவராக இருந்தாலும், கையுறை அணிந்து விரலால் உள்ளே தொட்டுப் பார்க்காமல் சீட்டு எழுதினால், அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் போங்கள்.